வாளி இருந்த இடம்

நான் வேலையிலிருந்து ஓய்வுபெற்றபோது, எனக்கு விடைகொடுக்கக் கடையில் எல்லாரும் சேர்ந்து வாழையிலைச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தார்கள். பாயசம் வரும் நேரத்தில், புதியவர்களுக்கு வேலை பழக்கும் கவிதா எழுந்து நின்று, "ஆன்டி இப்போ ரெண்டு வார்த்தை பேசுவாங்க" என்று சொல்லிவிட்டாள். கை கழுவிவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனேன். குழாயடியில் மூன்று தடவை கை கழுவினேன். நான் திரும்பி வந்தபோது இலைகளை எடுத்துவிட்டிருந்தார்கள்.

மறுநாள் கவிதா போன் செய்தாள். "பேசாட்டி பரவால்ல ஆன்டி, எழுதிக் கொடுங்க. புதுசா வந்த ரெண்டு பேருக்கும் படிச்சுக் காட்டணும். இப்பல்லாம் போன்ல ஒரு படம் புடிச்சா கறை எங்க, கிழிசல் எங்கன்னு அதுவே வட்டம் போட்டுக் கொடுக்குது. இவங்க வட்டத்த மட்டும் பாக்குறாங்க, படத்த பாக்க மாட்டேங்கிறாங்க லா."

அவள் கடைசியாகச் சொன்ன அந்தப் பேச்சுக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். அந்தத் தப்பைப் போன் இல்லாமலே செய்தவள் நான்.

நான் படித்தது காப்பார் பக்கத்துத் தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை. கல்யாணமாகிக் கிள்ளானுக்கு வந்தேன். பிரிக்பீல்ட்ஸில் படங்களுக்குப் பிரேம் போட்டு, பழைய படங்களைப் பழுதும் பார்க்கும் கடையில் கூட்டித் துடைக்க ஆள் வேண்டும் என்றார்கள், கொமுட்டர் ரயில் ஏறிப் போய்ச் சேர்ந்தேன். துடைப்பத்திலிருந்து மேசைக்கு வந்தது பெரிய கதை இல்லை. பசை கிண்டிக்கொண்டிருந்த பெண் வேலையை விட்டுப் போனாள். முதலாளி சுற்றும் முற்றும் பார்த்தார், நான்தான் கண்ணில் பட்டேன். மூன்று வருடம் அரிசி மாவுப் பசை கிண்டினேன். அதற்குப் பிறகுதான் படத்தைத் தொட விட்டார்.

முதலாளி சீனர். நாங்கள் எல்லாரும் தவுக்கே என்று கூப்பிடுவோம். பிரிக்பீல்ட்ஸிலேயே பிறந்து வளர்ந்ததால் தமிழ் நன்றாகப் பேசுவார். 'நீங்க' என்ற சொல் மட்டும் அவர் தமிழில் கிடையாது. கோயில் தலைவர் வந்தாலும் 'நீ'தான், டத்தோ பட்டம் வாங்கியவர் வந்தாலும் 'நீ'தான். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. கத்த மாட்டார். வேலை பிடிக்கவில்லை என்றால் பென்சிலால் மேசையை இரண்டு தட்டுத் தட்டுவார். பிடித்திருந்தால் ஒன்றும் செய்ய மாட்டார். முப்பது வருடத்தில் அந்த ஒன்றும் செய்யாததற்காக நான் எவ்வளவு பாடுபட்டேன் என்று எனக்குத்தான் தெரியும்.

அவர் வைத்திருந்த முறைகளைச் சொல்கிறேன். மேசைக்கு வருமுன் கை கழுவ வேண்டும், மோதிரம், வளையல் கழற்ற வேண்டும். என் வளையல்களுக்கென்று சுவரில் ஓர் ஆணி இருந்தது. மேசைமேல் பேனா இருக்கக்கூடாது, பென்சில் மட்டும். படத்தின்மேல் அடிக்கோல் வைக்கக்கூடாது. காகிதத்தைக் கீற்றாகக் கிழித்து, படத்துக்குமேல் விரல் உயரத்தில் பிடித்து அதில் அளவு குறித்துக்கொள்ள வேண்டும். கண்ணாடி படத்தில் ஒட்டக்கூடாது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஓர் அம்மா தட்டையாக வேண்டும் என்று கேட்டார் என்பதற்காக முருகன் படம் ஒன்றை நடுவில் அட்டை கொடுக்காமல் கண்ணாடியோடு சேர்த்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். ஒரு மழைக்காலம் போனதும் படம் திரும்பி வந்தது. கண்ணாடியை எடுத்தபோது வேலின் பாதி கண்ணாடியோடு வந்துவிட்டது. தவுக்கே இரண்டு தட்டு தட்டினார். இன்றைக்கும் அது எனக்குக் கேட்கிறது.

எல்லாவற்றிலும் பெரிய முறை கோப்பி. புதுப் படம் வந்தால் யாரும் தொடக்கூடாது. சுவரோரப் பலகையில் சாய்த்து வைத்து, எதிரே உட்கார்ந்து ஒரு கோப்பி ஓ குடிக்க வேண்டும். கொதிக்கக் கொதிக்க வரும் அந்தக் கறுப்புக் கோப்பி ஆறிக் குடித்து முடியும் வரை பார்க்க மட்டும்தான் வேண்டும். "மொதல்ல பாரு. கைக்கு ஒண்ணும் தெரியாது" என்பார்.

பார்த்து முடித்த பிறகுதான் பழுது குறிக்கும் தாளை நிரப்புவோம். அந்தத் தாளில் வெறும் கட்டம் ஒன்று இருக்கும், அதுதான் படம். எங்கே பழுதோ அங்கே குறி போட வேண்டும். தண்ணீர்க் கறைக்கு அலைக்கோடு, பூஞ்சைப் புள்ளிக்குப் புள்ளி, பூச்சி தின்றதற்குப் பெருக்கல் குறி, மடிப்புக்கு நேர்கோடு. ஆங்கிலம் எழுதத் தெரியாத எனக்கு அந்தக் குறிகள் பெரிய உதவி. ஒருமுறை போட்ட குறியை அழிக்கக்கூடாது. தப்பு என்றால் அடித்துவிட்டுப் பக்கத்தில் வேறு போட்டு, தன் பெயரின் முதல் எழுத்தையும் போட வேண்டும்.

இனி அந்த வாளிப் படம்.

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தது. சாமி படங்களும் செத்துப்போனவர்களின் படங்களும் கடையில் மலைபோல் குவிந்திருந்தன. அப்போது ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் கிள்ளானிலிருந்து வந்தார். துண்டில் சுற்றி ஒரு படம் கொண்டுவந்திருந்தார். விரித்தால், வாட்டர்கலரில் ஒரு தகர வாளி. சிமெண்டுத் தரையில் ஒரு வாளி. அவ்வளவுதான்.

"எங்கப்பா வரைஞ்சது" என்றார் டீச்சர். "ரயில்வேல கிளார்க்கா இருந்தாரு. இங்கதான் பின்னாடி குவாட்டர்ஸ்ல இருந்தோம். ஞாயித்துக்கிழமையானா பிரஷ்ஷ தூக்கிட்டு உக்காந்துடுவாரு. சட்டி, கெட்டில், அம்மி, எல்லாத்தையும் வரைவாரு. எங்கம்மாவ ஒரு தடவகூட வரைஞ்சதில்ல. அம்மா சாகுற வரைக்கும் அதையே சொல்லிச் சொல்லிக் காட்டுவாங்க. 'என்னவிட வாளி அழகா போச்சா'ன்னு."

மற்ற படங்களையெல்லாம் கரையான் தின்றுவிட்டதாம். இது ஒன்றுதான் மிச்சம். தம்பி கிள்ளானில் புது வீடு கட்டியிருக்கிறார், அடுத்த வாரம் குடிபுகுகிறார், அதற்குக் கொடுக்க வேண்டும் என்றார்.

அவர் போனதும் பிரேம் அறுக்கும் மணியம் அண்ணன் வந்து எட்டிப் பார்த்தார். "என்ன அஞ்சலை, சாமி படத்துக்கு நடுவுல வாளி வந்திருக்கு? மால போட்டு சூடம் காட்டிருவோமா?"

"போங்கண்ணே" என்றேன். எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. வாழ்க்கை முழுக்க வாளி தூக்கியவள் நான். வாளியை எதற்குப் படம் வரைய வேண்டும் என்று நினைத்தேன்.

அன்று நான் கோப்பி குடிக்கவில்லை. வேலை குவிந்து கிடக்கிறது, வாளிதானே என்று படத்தை நேரே மேசையில் வைத்துத் தாளை நிரப்பினேன். மேலே வலது மூலையில் தண்ணீர் இறங்கிய கறை, அலைக்கோடு. மேல் ஓரத்தில் இன்னொன்று, அலைக்கோடு. வாளிக்கு இடது பக்கம் தரையில் சாம்பல் நிறத்தில் வட்டமாக ஒரு கறை, அதற்கும் அலைக்கோடு. கீழே 'அ' என்று என் எழுத்தைப் போட்டுத் தவுக்கேயிடம் கொடுத்தேன்.

வழக்கமாக ஒரு கறை உண்மையில் தண்ணீர்க் கறையா என்று பார்க்கப் படத்தைத் திருப்புவோம். தண்ணீர் பின்பக்கமும் ஊறியிருக்கும். இந்தப் படத்தை யாரோ அந்தக் காலத்திலேயே அட்டையில் ஒட்டிவிட்டிருந்தார்கள், திருப்ப வழியில்லை. தவுக்கே என் தாளைப் பார்த்தார், டீச்சருக்குப் போன் போட்டார். "மூணு கறை இருக்கு டீச்சர். பெரிசு வாளி பக்கத்துல. ஈரம் வச்சு மெதுவா எடுத்துடலாம். எடுக்கவா?"

எடுத்துவிடுங்கள் என்றார் டீச்சர். நாளைக் காலை பத்து மணிக்குச் செய்கிறேன் என்றார் தவுக்கே. ஈர பிரஷ்ஷால் நனைத்து மையொற்றுத் தாளால் ஒற்றி எடுக்கும் வேலை அது. எடுத்தால் எடுத்ததுதான், திரும்ப வராது.

மேசை வேலைக்கு வந்த பிறகும் கடையைத் துடைப்பதை நான் வேறு யாரிடமும் விடவில்லை. படங்கள் கீழே சாய்த்து வைத்திருக்கும் இடத்தில் மற்றவர்கள் மோப்பை வீசித் துடைப்பார்கள், எனக்குப் பயம். அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு உள்ளே துடைத்து முடித்து, கடை முன்னால் ஆள் நடக்கும் அஞ்சடியைத் துடைக்க வாளியைக் கொண்டுபோய் வைத்தேன். யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வழிவிட வாளியைத் தூக்கி ஒரு முழம் தள்ளி வைத்தேன்.

வாளி இருந்த இடத்தில் ஈர வட்டம் இருந்தது. முழு வட்டம் இல்லை. எங்கள் கடை வாளியின் அடி விளிம்பு ஓர் இடத்தில் நசுங்கியிருக்கும். அந்த இடத்தில் வட்டம் விட்டுப்போயிருந்தது.

மோப்பை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போனேன். கை கழுவினேன், வளையலைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். படத்தைப் பலகையில் சாய்த்து வைத்து, எதிரே உட்கார்ந்தேன். கோப்பி இல்லை. ஆனால் அன்றைக்குத்தான் அந்தப் படத்தை முதல்முறையாகப் பார்த்தேன்.

வாளியின் சாம்பல் நிறம் சாம்பல் நிறமே இல்லை. நீலமும் காவியும் ஒன்றோடொன்று கலந்தும் கலக்காமலும் நின்றன. வாய் விளிம்பில் வெயில் பட்ட இடத்தில் வண்ணமே இல்லை, வெறும் தாளை விட்டுவைத்திருந்தார். அந்த வெறும் தாள்தான் கண் கூசும்படி மின்னியது. தண்ணீரை வரையவில்லை. வாளியின் உள்பக்கச் சுவரில் வெளிச்சம் நெளிவதை மட்டும் வரைந்திருந்தார். அதைப் பார்த்தால் உள்ளே முக்கால் வாளித் தண்ணீர் இருப்பதும், அது இன்னும் ஆடிக்கொண்டிருப்பதும் தெரிந்தது. ஆடாத தண்ணீர் அப்படி வெளிச்சம் போடாது. தினமும் வாளியோடு இருப்பவளுக்கு அது தெரியும்.

தண்ணீர் ஆடுகிறது என்றால் வாளியை யாரோ இப்போதுதான் நகர்த்தி வைத்திருக்கிறார்கள்.

வாளியின் அடியில், முன்பக்கம் வலது ஓரத்தில் ஒரு நசுங்கல். நான் கறை என்று குறி போட்ட வட்டத்திலும் முன்பக்கம் வலது ஓரத்தில் விரல்நுனி அளவு இடைவெளி.

தவுக்கே அப்போது பணப்பெட்டியைப் பூட்டிவிட்டு வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். கூப்பிட்டிருக்கலாம். என் தாளில் என் எழுத்தைப் போட்டுக் கொடுத்தது நான். அதை நம்பி அவர் வாடிக்கைக்காரரிடம் வாக்குக் கொடுத்துவிட்டார். இப்போது போய், அது கறை இல்லை, வாளி இருந்த இடம் என்று சொன்னால் என்ன நினைப்பார்? அவர் போய்விட்டார்.

ரயிலில் கிள்ளான் வரை உதட்டுக்குள்ளேயே சொல்லிப் பார்த்தேன். 'தவுக்கே, ஒரு விசயம்.' அதற்குமேல் வரவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த மலாய்க்காரப் பெண் என்னைப் பார்த்து நகர்ந்து உட்கார்ந்தாள்.

மறுநாள் பத்து மணிக்கு என்றுதான் அவர் சொல்லியிருந்தார். நான் ஒன்பதுக்கே போனேன். தவுக்கே அதற்கும் முன்னால் வந்திருந்தார். படம் மேசையில் கிடந்தது. கிண்ணத்தில் தண்ணீர் இருந்தது. மேலே இருந்த இரண்டு கறைகளையும் எடுத்து முடித்துவிட்டு, மூன்றாவதற்கு மையொற்றுத் தாளைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். பிரஷ் நனைந்து கிண்ணத்தின்மேல் கிடந்தது.

"வேணாம்" என்றேன்.

அதுவரை அந்த மனிதரிடம் நான் சொல்லாத வார்த்தை அது. மணியம் அண்ணன் ரம்பத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"என்ன வேணாம்?"

"அது கறை இல்ல தவுக்கே. வரைஞ்சது."

அவர் என் தாளை எடுத்து அலைக்கோட்டின்மேல் விரலை வைத்தார். "இது யாரு போட்டது?"

"நான்தான். தப்பா போட்டேன். பாக்காம போட்டேன்."

பென்சிலை எடுத்தார். இரண்டு தட்டுக்குக் காத்திருந்தேன். அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, "மணியம், ரெண்டு கோப்பி வாங்கிட்டு வா" என்றார்.

"எனக்கு?" என்றார் மணியம் அண்ணன்.

"நீ எப்பவாச்சும் படம் பாத்திருக்கியா? ரெண்டுதான்."

படத்தைப் பலகையில் சாய்த்து வைத்தார். எனக்கும் ஒரு நாற்காலி போட்டார். கோப்பி ஆறிக் குடித்து முடியும் வரை இருவரும் படத்தைப் பார்த்தோம். பிறகு நான் காகிதத்தைக் கீற்றாகக் கிழித்து, படத்துக்குமேல் விரல் உயரத்தில் பிடித்து வாளியின் அடி அகலத்தைக் குறித்தேன். கீற்றை அப்படியே இடதுபக்கம் நகர்த்திப் பிடித்தேன். வட்டத்தின் அகலமும் அதேதான். நசுங்கல் இருக்கும் இடத்தைக் குறித்து நகர்த்தினேன். இடைவெளியில் போய் நின்றது. அவர் கீற்றை என்னிடமிருந்து வாங்கித் தானும் நகர்த்திப் பார்த்தார். டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்து, பூதக்கண்ணாடி வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"பென்சில் கோடு இருக்கு" என்றார். "வட்டத்துக்கு அடியில. மொதல்ல பென்சில்ல போட்டு அப்புறம் கலர் வச்சிருக்கான்."

கிண்ணத்துத் தண்ணீரைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தார்.

"நான் உன் பேப்பர பாத்தேன்" என்றார். "படத்த பாக்கல." பிறகு, "டீச்சர் மத்தியானம் வருது. நீயே சொல்லு."

"ஐயோ, நீங்க சொல்லுங்க தவுக்கே."

"கண்டுபிடிச்சது யாரு? நான் சொன்னா முதலாளி வேலை செய்யாம சாக்கு சொல்றான்னு நெனைக்கும்."

டீச்சர் இரண்டு மணிக்கு வந்தார். படத்தைப் பார்த்தவுடன், "பெரிய கறை அப்படியே இருக்கே?" என்றார். நான் சொன்னேன். தலையை நிமிர்த்தாமல், மேசையைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன். ஆனால் முழுதாகச் சொன்னேன்.

டீச்சர் கேட்டுவிட்டு, "சரிம்மா, அப்பாவே வரைஞ்சதா இருக்கட்டும்" என்றார். "பாக்குறவங்களுக்கு கறையாத்தான தெரியுது? என் தம்பி பொண்டாட்டி மொத நாளே கேட்டுருவா, 'என்ன அண்ணி, அழுக்குப் படத்த குடுத்துட்டீங்க'ன்னு. எடுத்துடுங்க."

படம் அவருடையது. எடு என்றால் எடுக்க வேண்டியதுதான். தவுக்கே என்னைப் பார்த்தார். இந்த ஒரு நிமிடம் சும்மா இருந்துவிட்டால், என் அலைக்கோடு அந்த வட்டத்தை அழித்துவிடும்.

"கொஞ்சம் இருங்க டீச்சர்" என்றேன்.

பின்னால் போய் வாளியில் முக்கால்வாசி தண்ணீர் பிடித்தேன். அடி நனைந்த வாளியைக் கொண்டுவந்து அவர் காலடியில் சிமெண்டுத் தரையில் வைத்தேன். தூக்கி ஒரு முழம் தள்ளி வைத்துவிட்டு, நான் பின்னால் நகர்ந்து மறைவாக நின்றுகொண்டேன்.

"இப்ப பாருங்க டீச்சர். என்னை பாக்காதீங்க. தரைய பாருங்க."

டீச்சர் தரையைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். மறுபடி தரையைப் பார்த்தார். ஈர வட்டம் ஓரத்திலிருந்து வெளுத்துக்கொண்டே வந்தது. மத்தியானச் சூட்டில் எவ்வளவு நேரம் தாங்கும்? நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாதி போய்விட்டது.

"காஞ்சிடுச்சு" என்றார்.

"ஆமா டீச்சர். உங்கப்பா அத மொதல்ல வரைஞ்சிருக்கணும். வாளி எங்கயும் போகாது, அப்புறமா வரைஞ்சிக்கலாம். இது நிக்காது. வாளிய வச்சவங்க ரெண்டு எட்டு போறதுக்குள்ள வரைஞ்சிருக்காரு."

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார். தரையில் மிச்சமிருந்த ஈரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டேனோ என்று பயந்தேன்.

"எங்க வீட்டுல தண்ணி தூக்குனது அம்மா மட்டும்தான்" என்றார்.

அதை அவர்தான் சொன்னார், நான் சொல்லவில்லை. அது அந்த அம்மாதான் என்று நான் இன்றும் சொல்ல மாட்டேன். பக்கத்து வீட்டுப் பெண்ணாகக்கூட இருக்கலாம். எனக்குத் தெரிந்தது, வாளி நகர்ந்தது என்பது மட்டும்தான்.

"அந்த வட்டம் வெளிய தெரியுற மாதிரி பிரேம் போடுங்க" என்றார் டீச்சர். "நல்லா தெரியணும். என் தம்பி பொண்டாட்டி கேக்கட்டும். கேட்டா நான் சொல்லிக்கிறேன்."

படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வரும் அட்டையை நானே வெட்டினேன். இடதுபக்கம் வழக்கத்தைவிட அரை அங்குலம் கூடுதலாக இடம் விட்டு, வட்டம் நெருக்கப்படாமல் இருக்கும்படி வெட்டினேன். பின்பலகையை மூடுமுன் தவுக்கே என் தாளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"இத சரி பண்ணு."

அலைக்கோட்டை அடித்தேன். பக்கத்தில் என்ன குறி போடுவது என்று தெரியவில்லை. கறைக்குக் குறி இருந்தது, கிழிசலுக்குக் குறி இருந்தது. பழுது இல்லாததற்கு எங்கள் தாளில் குறியே இல்லை.

"என்ன போடுறது?" என்றேன்.

"எழுது."

"எனக்கு இங்கிலீஷ் வராதே."

"தமிழ் வரும்ல?"

எழுதினேன். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. படித்துக் காட்டச் சொன்னார், படித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் செய்யவில்லை. தாளை மடித்து, படத்துக்கும் பின்பலகைக்கும் நடுவே வைத்து மூடி, ஓரமெல்லாம் காகிதம் ஒட்டிவிட்டார்.

கவிதா, அந்தப் பிள்ளைகளுக்கு இதைப் படித்துக் காட்டு. போன் வட்டம் போடட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன்னால் ஒரு கோப்பி வாங்கிக் கொடு.

கிள்ளானில் ஏதோ ஒரு வீட்டுச் சுவரில் அந்த வாளி தொங்கிக்கொண்டிருக்கும். அதன் முதுகில் என் கையெழுத்து இருக்கிறது. இந்தக் கட்டுரைக்கு முன்னால், நானாக எழுதி இன்னொருவரிடம் கொடுத்தது அந்த ஒரு வரிதான்:

'கறை இல்லை. வாளி இருந்த இடம். அ.'